கூட்டக் குறிப்பு

ஈச்சிலம்பற்று.
அஸ்வெசும பற்றிக் கதைக்க ஒரு கூட்டம்.

"வேடர் கையில் காசு விழுந்தால் கசிப்புத்தான்."
எழுதினேன்.
"காடு நிறையத் தேன் இருக்கு, கொடுப்பனவு எதுக்கு?"
அதையும்.
சொன்னவர் உரமானியம் வாங்குகிறவர்.
அதை எழுதக் குறிப்பில் இடமில்லை.

அந்தக் குடியிருப்பிலிருந்து வந்தவள்
கண்ணகை ஒருத்திதான்,
முதல் பஸ்ஸில்.
கடைசி வாங்கு.
பன்னிரண்டு பத்துக்கு நன்றியுரை முடிந்து
மின்விசிறியும் நின்ற பிறகு
எழும்பினாள்:

"காட்டுக்கு இப்ப கம்பிவேலி.
தேனெடுத்தால் வழக்கு.
இதையும் எழுதுவீங்களோ, தம்பி?"

எல்லோரும் பற்றிஸ் தட்டுப் பக்கம்.

12.10ஐ வெட்டி
12.25 என்று போட்டேன்.

தலைவர்
வாசிக்காமலே
கையெழுத்து வைத்தார்.