உறவுமுறை

ரூவியில், மணி எக்ஸ்சேஞ்சுக்கும் சலூனுக்கும் நடுவில்
உஸ்மான்கோயாவின் டைப்பிங் சென்டர்.
கடை அவருடையது, விரல்கள் என்னுடையவை.
காலையிலிருந்து மூன்று மனைவியரை
மஸ்கட்டுக்கு வரவழைத்தாயிற்று:
பெயர், பிறந்த தேதி, உறவுமுறை,
தூதரக முத்திரையோடு திருமணச் சான்று.
முத்திரை மங்கினால் திருப்பி அனுப்புவார்கள்.
மற்றது மங்கினால் யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒன்பதரை, அங்கே பதினொன்று.
தீர்ப்பை வாசிக்கத் தொடங்கினார்கள்.
ஒற்றைக் காதில் ஒயரைச் செருகிக்கொண்டேன்,
காலர் மறைக்கும்படி.

ஐந்து நீதிபதிகள்.
பலவற்றில் பிரிந்து பேசினார்கள்.
மணப்பது அடிப்படை உரிமை இல்லை என்பதில் மட்டும்
ஐவரும் ஒன்று.
மிச்சத்தை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளுமாம்.
ரேஷன் கார்டு பற்றி யோசிக்க ஒரு குழுவாம்.

எதிரே உட்கார்ந்திருந்த திண்டிவனத்துக்காரர்
"தம்பி, வீட்டுக்காரி பேர்ல
ஒரு எழுத்து விட்டுட்டீங்க" என்றார்.
சேர்த்தேன்.

மதியம் கிரேன் மேலிருந்து ராயப்பன் கூப்பிட்டான்.
காற்று இரைச்சல்.
"பதினாலு?"
"இல்ல."
"பதினஞ்சு?"
"இல்லடா."
லாட்டரிச் சீட்டு எண்களைப் போல
ஒரு வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.
இருபத்தொன்றை அவன் கேட்கவில்லை.
கீழே யாரோ விசில் ஊதினார்கள், வைத்துவிட்டான்.

இந்த ஊரிடம் நாங்கள் எதுவும் கேட்டதில்லை.
வேலை கேட்டோம், கொடுத்தது.
தெருவில் ஓரடி தள்ளியே நடக்கிறோம்.
அறையில் இரண்டு கட்டில்.
ஒன்றில் இஸ்திரி போடாத சட்டைகள் படுத்திருக்கும்,
வாடகைக்கு ஆள் வந்தால்
அவை எழுந்து இடம் கொடுக்கும்.
பதினொரு வருடம் இப்படி.
கேட்டது, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும்
அந்தத் தடித்த புத்தகத்திடம்தான்.
'நாம்' என்று தொடங்குகிறதே,
அதில் இரண்டு பேர் கூடுதலாக நிற்க
இடம் இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

போன மாதம் அவன் கம்பெனிப் படிவத்தை
நான்தான் நிரப்பினேன்.
விபத்து நேர்ந்தால் தகவல் சொல்ல வேண்டியவர்.
இறந்தால் உடலைப் பெற்றுக்கொள்பவர்.
சொடுக்கினால் ஒரு பட்டியல் இறங்கும்:
மனைவி, மகன், மகள், தாய், தந்தை, சகோதரர், மற்றவை.
மற்றவையைத் தொட்டால் விளக்கம் கேட்கும்,
இருபது எழுத்துக்குள்.
'அறை நண்பர்' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.
ஆனால் உடலுக்கு அது போதாதாம், சிவப்பில் காட்டியது.
தூத்துக்குடியில் இருக்கும் அக்கா புருஷன் பெயரைப் போட்டேன்,
ஆறு வருடமாக இவனிடம் பேசாதவர்.
படிவம் பச்சையானது.

என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில்
அப்பா பெயர், அம்மா பெயர்,
அதற்குக் கீழே ஒரு வெறும் கோடு.
இமிகிரேஷனில் ஒவ்வொரு முறையும்
அந்தக் கோட்டைத் தாண்டித்தான்
அதிகாரியின் கண் போகிறது.

எட்டு மணிக்கு வந்தான். சிமென்ட் தூசியோடு
என் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
குளித்தான். ரிமோட்டை எடுத்து
இருபத்தொன்றில் வைத்தான்.
எனக்கு இருபத்துநான்குக்குக் கீழே குளிரும்,
தினம் சண்டை வரும்.

இன்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.
இருக்கட்டும்.
இந்த அறைக்குள்ளாவது இருக்கட்டும்.