மணிக்கணக்கு

மற்றக் குழுக்களுக்குச் சிகரத்தில் சிலுவை நடும் வேலை.
எங்கள் சபைக்கு விழுந்த சீட்டில்
கழிவறைக் குழி.

ஆறடி ஆழம், நாலடி அகலம்,
ஓடையிலிருந்து இருநூறடி தள்ளி.
முளையடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தாள் டெல்ஃபியா,
வாலிபர் குழுவின் பொறுப்பாளர்,
மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள்.
ஊழியம் என்றால் ஊழியம்தான் என்றாள்.
சிரிக்கவில்லை.

ஒஹாயோவின் சோளக்காட்டுச் சமதரையிலிருந்து
பதினொரு பேர் வந்திருந்தோம்.
நிலம் இப்படி எழுந்து நிற்கும் என்று யாரும் சொல்லவில்லை.
வட கரோலினா மலையேறியதும்
எல்லோருக்கும் காது அடைத்துக்கொண்டது.
முதல் ராத்திரி ஜெபத்தில்
ஆமென் சொல்ல வேண்டிய இடம் தெரியாமல்
ஆளுக்கொரு நேரத்தில் சொன்னோம்.

அவர்கள் வேதாகமம் கொண்டுவந்தார்கள்.
நான் ஒரு தாள் கொண்டுவந்தேன்.
ஏழு தபால்பெட்டிகளை
பேஸ்பால் மட்டையால் நொறுக்கியதற்கு
நீதிபதி விதித்த நாற்பது மணி நேரம்.
தேதி, வேலை, மணி, கையொப்பம்
என்று நாலு கட்டம்.
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்,
யாருக்கும் தெரியாது என்று.
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
நொறுங்கியதில் ஒன்று
பிரென்னா வீட்டுப் பெட்டி.

முதலில் கறுப்பு மண், காப்பித்தூள் போல.
பிறகு வேர்கள், ஒன்றையொன்று விடாமல் பிடித்த வேர்கள்.
கோடரியை என்னிடம் நீட்டியபோது
பிரென்னா சொன்னாள்:
அடிக்கத்தான் உனக்கு நன்றாக வருமே.
வெட்டினேன்.
என்ன சொல்ல இருக்கிறது.

மூன்றாம் நாள், இரண்டரை அடியில்,
கடப்பாறை ணங்கென்றது.

சுற்றித் தோண்டினோம், முடிவில்லை.
கன்றுக்குட்டி அளவு என்றான் கோர்பின்.
மதியத்தில் அது பசுவாகி
மாலையில் கொட்டகையாகிவிட்டது.
அதற்குப் பேதுரு என்று பெயர் வைத்தோம்.
நெம்பினோம், திட்டினோம், கெஞ்சினோம்.
கடுகளவு விசுவாசம் போதுமே என்று
யாரோ முனகியதும்
கோர்பின் உணவுக்கூடத்துக்கு ஓடி
சாண்ட்விச்சுக்குத் தடவும் மஞ்சள் கடுகுப் பொட்டலம்
ஒன்றைக் கொண்டுவந்து
பாறைமேல் பிதுக்கினான், மிகுந்த பயபக்தியோடு.

காத்திருந்தோம்.
ஒரு எறும்பு மட்டும் வந்தது.

அப்போது பிடித்த சிரிப்பு:
பிரென்னா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டே
மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.
டெல்ஃபியா முதுகைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.
குழிக்குள் நின்றிருந்த நான்
சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தேன்,
வயிறு வலிக்க,
வாய்க்குள் மண் விழ.

பாறை அசையவில்லை.
தோண்டியதையெல்லாம் திரும்பத் தூர்த்தோம்,
கடுகோடு சேர்த்து.
பதினாலடி தள்ளிப் புதுக் கயிறு.

சனிக்கிழமை புதுக் குழி முடிந்தது.
அதன்மேல் பலகைக் கூண்டைத் தூக்கி வைத்தோம்.
திறப்பு விழா இல்லை, பெயர்ப் பலகை இல்லை.
சிகரத்துச் சிலுவையோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள்;
இறங்கி வந்ததும்
எங்கள் கதவுக்கு முன்னால்தான் வரிசை.

கிளம்பும்முன் தாளை நீட்டினேன்.
வியர்வையில் மை ஊறி
எண்கள் எல்லாம் ஒரே நீலம்.
எத்தனை மணி, நீயே சொல் என்றாள் டெல்ஃபியா.
பேனா கையில் இருந்தது.
நாற்பது என்றாலும் எழுதியிருப்பாள்.

வீணாய்ப்போன குழியைக் கழிக்கவில்லை,
அது வேலைதான்.
சிரித்த நேரத்தைக் கழித்தேன்.
முப்பத்தொன்பதேகால் என்றேன்.
கண்ணை நிமிர்த்திப் பார்த்தாள்,
எழுதினாள்.

பேருந்து இறங்க இறங்கக் காது திறந்தது.
பின் இருக்கையில் பிரென்னா
வாய் திறந்து தூங்கினாள், நகமெல்லாம் கறுப்பு.
மாவட்டத்துக்கு நான் இன்னும்
முக்கால் மணி நேரம் பாக்கி.
முக்கால் மணி நேரத்துக்கு
என்ன வேலை கொடுப்பார்கள்?
ஒரு தபால்பெட்டி நடலாம்.
தரையில் கல் இல்லாவிட்டால்.