திருப்புளி

ஓட்டமாவடியில் பழைய இரும்போடு இரும்பாக
நிறுத்துத்தான் தந்தார் ஆதம்லெவ்வைக் காக்கா.
ஹொண்டா சீடீ நூற்றியிருபத்தைந்து.
வெள்ளத்தில் ஒருமுறை முழுதாய்த் தாண்டது என்றார்.
ஒருமுறைதான் என்பதை நாங்கள் நம்பவில்லை.

பட்டாவின் பின்பெட்டியில்
கேதுசன் அதைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்,
கயிறு போதாதென்று.
கல்லடிப் பாலத்தில் திரும்பிப் பார்த்தேன்:
யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வெற்றிலைப் பந்தலுக்கு வெட்டிய கம்புகளை
வெளியே சாத்திவிட்டு
பின்கொட்டிலைக் கராஜ் என்றோம்.
ஒரு பல்பு. ஒரு பழைய பாய்.
களுதாவளை முழுக்க நுளம்பு.

சாதாரணதரப் பரீட்சைக்கு ஆறு மாதம் இருந்தது.
அவன் கணக்குப் படிக்கிறான் என்று நானும்
அப்பாவுக்கு உதவி செய்கிறேன் என்று அவனும்
ஒரே நேரத்தில் சொல்லி
புவனலோஜினியிடம் அகப்பட்டோம்.
தேசிக்காய்த் தண்ணியில் காபரேட்டர் அவிந்த
பானையைக் கண்ட பிறகு
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பானையை எங்களுக்கே தந்துவிட்டாள்.

போனில் ஒரு தாய்லாந்துக்காரன்.
அவன் பாஷை விளங்காது, கை விளங்கும்.
அவன் கழற்றிய ஒழுங்கில் கழற்றினோம்.
அவன் பூட்டிய ஒழுங்கில் பூட்டியும்
ஒரு வாசர் மிஞ்சியது.
அது யன்னல் விளிம்பில் இருக்கிறது.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நேற்றுப் பின்னேரம்,
நாற்பதுக்குப் பிறகு எண்ணாமல் விட்ட ஏதோ ஒரு உதையில்
வலப்பக்கம் பிடித்தது.
இடப்பக்கம் சும்மா இருந்தது.
"உங்களுக்கும் இதுக்கும் ஒரே பக்கம்தான் அப்பா."
தொண்ணூறாம் ஆண்டிலிருந்து
என் இடக்காது சும்மா இருக்கிறது.
அதை வைத்துப் பகிடி விடுகிறவன்
வீட்டில் அவன் ஒருவன்தான்.
எனக்கு அது பிடிக்கும்.

பிளக்கை மாற்ற, இரண்டும் பிடித்தது.
தகரம் அதிர்ந்தது.
பக்கத்து வளவு நாய் எழும்பி இடம் மாறிப் படுத்தது.
நான் கையைத் தூக்கினேன்.
அவன் தூக்கவில்லை,
தலையைச் சரித்துக்கொண்டு நின்றான்.

"டப்பட் சத்தம் வருது."
இல்லை மனே.
"வருது. டிக் டிக் டிக். இடப்பக்கம்."
சவர பிளேட்டை விட்டு நான் அளந்த இடைவெளி.
எனக்குக் கேட்காத ஒன்றைப்
பிழையென்று எப்படி ஒத்துக்கொள்வது?

நீட்டுத் திருப்புளியை எடுத்தான்.
நுனியை எஞ்சின் தலையில் ஊன்றினான்.
பிடியை என் பக்கம் நீட்டினான்.
"கடியுங்க."

கடித்தேன்.

பல்லில் ஏறி, தாடையில் ஏறி,
இடக்காதுக்குள்
டிக் டிக் டிக்,
ஓம், அவன் சொன்னது உண்மைதான் என்று
சுவரில் பல்லி சொல்கிற மாதிரி.

"கேக்குதா?"
தலையை ஆட்டினால் திருப்புளி வழுக்கும்.
கண்ணை மூடித் திறந்தேன்.

"பிளேட் மொத்தம். மெல்லிசா ஒண்டு வேணும்."
கொஞ்சம் யோசித்தான்.
"உங்கட சேட்டுப் பொக்கட்டில இருக்கிற பெட்டிக்குள்ள
ஈயத்தாள் இருக்குந்தானே."

விட்டுவிட்டேன் என்று நான் வீட்டுக்குச் சொல்லி
இரண்டு வருடம்.
பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.
தாளை மட்டும் உருவிக்கொண்டு
மிச்சத்தை வாசருக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நிப்பாட்டட்டா? ஆறினாத்தான் அளக்கலாம்."
பொறு என்று கையைக் காட்டினேன்.
பெற்றோல் எரிந்துகொண்டிருந்தது,
என்ன விலைக்கு வாங்கிய பெற்றோல்.
சரிபண்ணினால் இந்தச் சத்தம் போய்விடும்.
மறுகா பார்ப்போம், மறுகா.

"அம்மா கூப்பிடுறா" என்றான்.
பல்லிடுக்கால் சொன்னேன்:
அப்பாவுக்குக் கேக்கல்லயாம் எண்டு சொல்லு.