மீதி

டாண்டினோங்கில் ஜூலை. கராஜ் கதவுக்கு அடியால்
குளிர் ஒரு தாளைப்போல் நுழைகிறது.
நாலு சிலிண்டர் டட்சனின் தலையைக் கழற்றி
பழைய துவாயில் மல்லாக்கக் கிடத்தியிருக்கிறோம்.

பார்மசியிலிருந்து நான் இரவல் கொண்டுவந்த பியூரெட்.
மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் கலக்கிய கேசரிப் பவுடர்.
கல்யாணப் படச் சட்டத்திலிருந்து கழற்றிய பெர்ஸ்பெக்ஸ்.
துளை போட்டது வாகீசன்.
என் நெற்றி இருந்த இடம் அது என்று
பிறகுதான் பார்த்தேன்.

பிளக்கை இறுக்கி, கிரீஸ் பூசி, தகட்டை ஒட்டி
துளை வழியே செம்மஞ்சளைச் சொட்டுச் சொட்டாய் இறக்குகிறேன்.
கடைசிக் காற்றுக்குமிழ்
போக மனமில்லாமல் வால்வோரம் நிற்கிறது.
கொஞ்சம் சரித்தேன், போயிற்று.
இருபத்தொன்பது தசம் நாலு.

கேஸ்கெட்டின் தடிப்புக்குள் ஐந்து தசம் இரண்டு.
உச்சிக்கு வந்தும் பிஸ்டன் தொடாமல் விடும்
அரை மில்லிமீற்றருக்குள் இரண்டு தசம் ஒன்று.
கூட்டினால் முப்பத்தாறு தசம் ஏழு.
எத்தனை ஆயிரம் தடவை ஏறினாலும்
பிஸ்டனுக்குக் கிடைக்காத இடம்.
நெருப்பு பிடிப்பது அங்கேதான்.

பிஸ்டன் ஓடும் தூரத்துக்கு இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
வாகீசன் ரசீதின் பின்பக்கத்தில் பிரித்துப் பார்த்து
"எட்டு வருது" என்கிறான். "குறைவெல்லே?"
பாண் பக்டரியில் விடிய விடிய நின்ற கண்.

பிழை, என்றேன்.
பிஸ்டன் கீழே இறங்கினவுடன்
மேலே இருந்த அறை எங்கை போகும்?
அதையும் சேர்த்துத்தானே காற்று நிறையுது.
முழுசை மீதியாலை பிரி.

பிரித்தான். ஒன்பது.
அந்த மீதியைச் சேர்க்க மறந்தால்
சரியாக ஒன்று குறையும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை,
எந்த எஞ்சினிலும் ஒன்று.

இரண்டாவது அறை அதே அளவு.
மூன்றாவதில் ஒரு துளி கூட.
நாலாவது முப்பத்தொன்று தசம் இரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
மறுபடியும் அதுதான்.

டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது:
வால்வைச் சுற்றி யாரோ அரைத்த கோடுகள்,
ஒரு பக்கம் நிதானம், மறுபக்கம் அவசரம்.
"திறக்கவே இல்லை" என்று சொல்லித்தான்
ஹாலம் நேனாட் விற்றான்.
அவனுக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருக்கலாம்.

நாலாவது எட்டு தசம் ஆறுதான் நசுக்கும்.
சிவப்பு லைட்டில் நிற்கும்போது
கார் லேசாய் நொண்டும்.

"இதை மட்டும் சின்னனாக்க ஏலாதோ?"
போன இரும்பு திரும்பாது வாகீ.
மற்ற மூன்றையும் இதன் அளவுக்கு அரைக்கவேணும்.
பிறகு தலையை முழுசாய்ச் சீவக் கொடுத்தால்
நாலும் சேர்ந்து ஏறும்.

"நல்லா இருக்கிற மூன்றையுமோ?"

ஓம்.

ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.
உள்ளே ஹோலில், மூடி இல்லாத கல்யாணப் படம்
தூசி வாங்கிக்கொண்டிருக்கும்.
சோக்கை எடுத்து முதல் அறையின் ஓரத்தில்
ஒன்று தசம் எட்டு என்று எழுதினேன்.
அவன் கிரைண்டரின் வயரைத் தேடத் தொடங்கினான்.