கெமரூன்காரர்கள்

குளுவாங் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
பல் டாக்டர் யாப்பின் கிளினிக்கில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறான்
கோலியாத் வண்டு.
என் உள்ளங்கை நீளம்.
கழுத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை,
நெற்றியில் கவட்டைக் கொம்பு,
முதுகில் ஊசி.
கீழே சீட்டில் ஊர்: கெமரூன்.
எண்ணூறு வெள்ளி, பார்த்துத் துடை என்கிறார் டாக்டர்.
பதினோரு வருஷமாய்ப் பார்த்துத்தான் துடைக்கிறேன்.

பல் பிடுங்க வரும் பிள்ளைகள்
அவனைக் கண்டு தானாகவே வாயைப் பிளக்கிறார்கள்.
செத்த பிறகும் ஓர் உத்தியோகம்.

இன்னொருவனுக்கும் அதே ஊர்தான்.
எள்ளைவிடக் கொஞ்சம் பெரியவன்,
சட்டம் போட்டால் அழுக்கென்று நினைப்பார்கள்.

எண்பத்தொன்றில் வந்தான்.
அதுவரை அந்த வேலை எங்களுடையது:
தனபாக்கியம், செங்கேணி, நான்.
பூத்தூளை முகப்பவுடரில் கலந்து
ரப்பர் குமிழ் வைத்த போத்தலில் அடைத்து
செம்பனை முள்ளுக்குள் கையை நுழைத்துப்
பெண்பூவின் மேல் ஊதுவோம்.
புஸ்.
அடுத்த மரம்.
புஸ்.
‘இத்தனை மரத்துக்கும் நாமதாண்டி புருஷன்’
என்பாள் செங்கேணி.
மண்டோர் தலையைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு அவனைத் திறந்துவிட்டார்கள்.
சோம்பு மணக்கும் ஆண்பூவில் புரண்டு எழுந்து
உடம்பெல்லாம் தூளோடு பறந்தான்,
ஏணி கேட்காமல், சம்பளம் கேட்காமல்.
குலைகள் முன்னைவிடப் பருத்தன.
பிரட்டில் கிராணி
மூன்று பெயர்களை வாசிக்காமல் விட்டார்.
அவ்வளவுதான்.

கோபப்பட்டும் பார்த்தேன்.
நசுக்கினால் விரலில் ஒரு புள்ளி.
அதன் மேல் எவ்வளவு நேரம்தான் கோபப்படுவது?

நேற்று வரும் வழியில்
ஓர் ஆண்பூக் கதிரை ஒடித்துப்
பைக்குள் வைத்துக்கொண்டேன்.
பாதிப் பேர் பஸ்ஸிலேயே இறங்கிவிட்டார்கள்.
மிச்சம் இருந்தவர்களைக்
கிளினிக்குச் சட்டத்தின் மேல் கொண்டுபோய் விட்டேன்.
டெட்டால் நாற்றத்துக்குள் சோம்பு வாசம்.

ஏழெட்டுப் பேர்
கண்ணாடியில் இறங்கி நடந்தார்கள்.
ராட்சசனின் கொம்புக்கு மேலே,
கண்ணுக்கு மேலே,
ஊசிக்கு மேலே.
ஒருவன்கூட நிற்கவில்லை.
ஊர்க்காரன்டா, ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?

அவர்களுக்குப் பூ வேண்டும்.
எனக்கு எட்டரைக்குள் தரை காய வேண்டும்.
ஜன்னலைத் திறந்தேன், போனார்கள்.

கண்ணாடியில் மஞ்சளாய்த் தூள் சிந்தியிருந்தது.
துணியை எடுக்கப் போனவள்
எடுக்காமல் குனிந்து,
அவன் முகத்துக்கு நேரே
ஊதினேன்.

புஸ்.