வெற்றுப்பானை இருபத்தொன்று

இடிப்பது என் தொழில்.
பர்மாத் தேக்கு உத்திரம் நாற்பத்தெட்டு,
வார்ப்பிரும்புத் தூண் பன்னிரண்டு,
பால்கனிக் கைப்பிடிப் பித்தளை அறுபது கிலோ.
எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது.
பானை இல்லை.

மீனாட்சிபுரம் ஆவுடை விலாஸை
யூரியா கோடவுனாகத்தான் எனக்குத் தெரியும்.
அப்பா அங்கே இரண்டாம் ஆட்டம் பார்த்து
பாலத்தில் நடந்து வீடு வந்தவர்.
அதற்கும் முன்னால் நாடகக் கொட்டகை என்பது
முகப்பைச் சுரண்டியபோதுதான் தெரிந்தது:
ஏழு பூச்சுக்கு அடியில்
ஹார்மோனியத்தோடு ஒரு கந்தர்வன்,
மூக்கு மட்டும் உதிர்ந்து.

பெண்கள் பக்கத்தைப் பிரித்த குட்டைச் சுவரில்
ஒரு செங்கல்லைக் காணோம்.
ஓட்டையின் வழவழப்பைப் பார்த்தால்
பல வருஷம் பல விரல்
போய்வந்த பாதை.

சுவரில் மூன்று வெள்ளக் கோடுகள்.
மேல்கோட்டுக்குப் பக்கத்தில் கரியால்
யாரோ எழுதியிருந்தார்கள்:
'இன்று காட்சி இல்லை. ஆறு வந்திருக்கிறது.'

நாலாம் நாள் மேடைப் பலகையைப் பெயர்த்து
உள்ளே தோண்டினான் ராயப்பன்.
"அண்ணாச்சி, இங்க வாங்க."
வாய் மேலே பார்க்க, கழுத்துவரை மணலில்,
வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை.

அரைமணி நேரத்தில்
புதையல் பார்க்கத் தெருவே வந்துவிட்டது.
சென்னையிலிருந்து பேரன் கோலப்பன் போனில் கத்தினார்:
"ஒருத்தனும் தொடக்கூடாது, அது எங்க தாத்தா சொத்து!"
நேற்றுவரை அதை
இருபத்தெட்டு சென்ட் என்று மட்டுமே சொன்னவர்.

விஏஓ ஷர்மிளா பானு வந்தார்,
கூடவே ஏட்டு தளவாய்.
டார்ச் அடித்தார்கள்.
முதல் பானையில் ஒன்றுமில்லை.
இரண்டாவதிலும்.
பதினாலாவதில் ஒரு தவளை.
கூட்டத்தில் பாதி டீக்கடைக்குப் போயிற்று.

"காலிப்பானையை எதுக்குவே புதைச்சான்?"
குனிந்தார் ஏட்டு.
புழுதிக்கு இருமினார்.
இருமல் ஒரு பானைக்குள் இறங்கி
இருபத்தொன்றிலிருந்தும் ஏறி
கூரையில்லாத கூடத்தில்
ஒரு ராஜா இருமியதுபோல் நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

மைக் இல்லாத காலம், சரிதான்.
காலணா கொடுத்துக் கடைசியில் உட்கார்ந்தவனுக்கும்
மேடையில் அழுகிறவன் அழுகை
குறையாமல் போய்ச்சேர வேண்டுமே.
காருகுறிச்சிச் சூளையில்
ஆவுடைநாயகம் பிள்ளை ஒவ்வொன்றாகத் தட்டி,
காதில் வைத்துக் கேட்டு வாங்கியிருப்பார்.
குயவன் அவரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

பேசும் படம் வந்தது. ஸ்பீக்கர் வந்தது.
வேலை முடிந்தது, போகலாம் என்று
பானைகளிடம் யாரும் சொல்லவில்லை.
அவை பாட்டுக்கு
வசனத்தையும் விசிலையும்
இடைவேளை முறுக்கு நொறுங்குவதையும்
பிறகு யூரியா மூட்டை
பொத்தென்று விழுவதையும்
கொஞ்சம் பெரிதாக்கித்
திருப்பிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

விஏஓ மகஜர் எழுதினார்:
'வெற்றுப்பானை 21. மதிப்பு ஏதுமில்லை.'
கையெழுத்துப் போடுமுன் பேனாவை மூடி,
ஏட்டு வண்டியை எடுக்கப் போன நேரம்,
முக்காட்டைக் கையால் பிடித்துக் குனிந்து
ஓரத்துப் பானைக்குள்
ஏதோ ஒரு வார்த்தை சொன்னார்.

எனக்குக் கேட்டிருக்க வேண்டும்.
அந்தச் சமயம் பார்த்து ராயப்பன்
ஜேசிபியை ஸ்டார்ட் பண்ணிவிட்டான்.