சல்லடையில் மிஞ்சியது

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
வியாழக்கிழமை சீனிக் கிளினிக்.
நாற்பத்தேழாம் நம்பர் எனக்கு.
ஊசி குத்த இடம் தேடிய நிலுக்கா மிஸ்
விரலெல்லாம் கொழுந்துக் கறை கண்டு
"எந்த விரல் நோகாது?" என்று கேட்டார்.
எந்த விரல் நோகும் என்பதே
எனக்கு மறந்துபோயிருந்தது.

சுவரில் ஒரு தட்டின் படம்.
கால்வாசி சோறு, மிச்சமெல்லாம் பச்சை.
"வெள்ளை மா குறைங்க அக்கா.
குரக்கன் நல்லம். சிவப்பரிசி நல்லம்.
அதுக்கு மேல ஒரு தோல் இருக்குதானே…"
தமிழில் சொல் கிடைக்காமல்
இரண்டு விரலை உரசிக் காட்டினார்.
"தவிடு" என்றேன்.
"ஆங், தவிடு! அதிலதான் எல்லாம் இருக்கு."

பொகவந்தலாவை பஸ்ஸில்
வழி நெடுக அந்தச் சொல்லையே மென்றேன்.
நிஸ்தார் நானா கடையில்
மாதம் ஒரு மூட்டை தவிடு வாங்கி
தலைச்சுமையாய் மேட்டு லயத்துக்கு ஏற்றுகிறவள் நான்,
எங்கள் மயிலைப் பசுவுக்கு.
புண்ணாக்கோடு கலந்து வைத்தால்
வாளியின் அடிவரை நக்கும்.
அதற்குக் கால் எரிச்சல் இல்லை,
கண் மங்கல் இல்லை,
கிளினிக் கொப்பியும் இல்லை.

எங்களுக்கு ரொட்டி.
விடிய நாலரைக்கு
வெள்ளை மா, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பூ.
மடித்தால் மடியும்.
மலைப் பனியிலும் விறைக்காது.
ஒரு கட்டசம்பலோடு
மத்தியானத் தராசு வரை
வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.
அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்குப் பெக்டரியில் சல்லடை வேலை.
அரிக்க அரிக்க
நல்ல தேயிலை பெட்டிக்குப் போகும், கப்பல் ஏறும்,
கடைசியில் விழும் தூள் எங்கள் கேத்தலுக்கு.
கோதுமைக்கு மட்டும் கணக்குத் தலைகீழ்.
அரித்து வெளுத்தது எங்களுக்கு,
உரித்துப் போட்டது மாட்டுக்கு.
"ரெண்டு சல்லடைக்கும்
நம்மதான் பிழையான பக்கம் நிக்கிறோம்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"குரக்கன் மா கிலோ என்ன விலை?"

சொன்னேன்.
கொஞ்ச நேரம்
தண்ணீர் கொதிக்கும் சத்தம்.

சம்பளத்தன்று
ஒரு கிலோ குரக்கன், மூன்று கிலோ வெள்ளை.
மிஸ்ஸின் சுவர்த் தட்டில்
இப்படி ஒரு கணக்கு இல்லை.
பிசைந்தால் கையோடு வந்தது,
தட்டினால் ஓரம் வெடித்தது.
"மண் கலர்" என்று சாளினி
ஒரு துண்டோடு எழும்பிவிட்டாள்.

பத்து மணிக்கு மலையில் பொட்டலம் பிரித்தேன்.
தகடாய் விறைத்துக் கிடந்தது.
"ஏன்டி, ஒங்க லயத்துக் கூரை ஒழுகுதா?
தகரம் கொண்டாந்திருக்க!"
பூங்காவனம் கத்த, நிரை முழுக்கச் சிரிப்பு.
கங்காணியும் சிரித்தார்.
நானும்தான்.

கூடையை மாட்டும்போது
காதருகே வந்தாள்.
"ஒனக்கு எவ்வளவு காட்டுச்சு?
எனக்கு இருநூத்திப் பத்து.
வீட்ல சொல்லல."

பாதியைப் பிய்த்துக் கொடுத்தேன்.
மென்றோம்.
மெல்ல நேரம் எடுக்கிற ரொட்டி இது.
பேசாமல் இருக்க வசதியாக இருந்தது.

இன்று விடிய
பழக்கத்தில் கை சல்லடையை எடுத்துவிட்டது.
தட்டத் தட்ட மா இறங்கி
மேலே மிஞ்சியது செம்பழுப்பாய் ஒரு பிடி.
கால் தானாக வாளிப் பக்கம் நடந்தது.
மாலுக்குள் மயிலை
கழுத்தை நீட்டி, மூக்கை விரித்து,
தன் பங்கு வருகிறதென்று நின்றது.

நானும் நின்றேன்.

"இது எனக்குடி" என்று சொல்லிவிட்டுத்
திரும்பி நடந்தபோது
திருடுகிறவள் மாதிரிக்
கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.